பாஸ்போபெப்டைடு என்ரிச்மென்ட்: முதல்முறை செய்கிறவர்களுக்கு, செல் தட்டிலிருந்து ரா ஃபைல் வரை

பாஸ்பேட் ஒட்டிய புரதத் துண்டுகளை (பாஸ்போபெப்டைடு) மற்றவற்றிலிருந்து பிரித்தெடுப்பதுதான் என்ரிச்மென்ட். அதற்கான கிட் வாங்கினால் கூடவே ஒரு சின்னக் கையேடு வரும். சுத்தமான பெப்டைடு உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பாஸ்பேட்டைப் பிடிக்கும் சின்ன மணிகளான பீட்ஸைக் கழுவுவதிலிருந்து அது ஆரம்பிக்கும். அதை வரிக்கு வரி பின்பற்றியும், மாஸ் ஸ்பெக்கிலிருந்து (பெப்டைடுகளை எடை பார்த்து அடையாளம் காணும் கருவி) வருவதில் பாதிக்கு மேல் பாஸ்பேட் இல்லாத பெப்டைடாகவே இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் லேபில் இப்படி ரொம்ப நாள் திண்டாடினோம். பிராண்டை மாற்றிப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லைசிஸ் (செல்லை உடைப்பது), உப்பு நீக்கம், அமிலத்தின் அளவு, பீட்ஸுக்கும் பெப்டைடுக்கும் உள்ள விகிதம் ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்திய பிறகுதான் முடிவுகள் நிலைக்கு வந்தன. ஆகவே கீழே பீட்ஸைவிட அதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வளர்ப்பு செல்லிலிருந்து மாதிரிக்கு 1 மி.கி. புரதம் எடுத்து, டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது இரும்பு ஐமேக் (உலோக அயனி ஏற்றிய பீட்ஸ்) முறையில் பிரிக்கப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். திசு, தாவரம் என்றால் லைசிஸ் மாறும். மற்றபடி ஏறக்குறைய இதேதான்.

1. முதலில் மெஷின் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் கிட்டின் விலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் கையைக் கடிப்பது மாஸ் ஸ்பெக் நேரம்தான். ஒரு சாதாரண சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல், ஒவ்வொன்றுக்கும் 3 உயிரியல் மறுபதிப்பு. ஆக 6 மாதிரி. ஒவ்வொன்றுக்கும் என்ரிச் செய்தது ஒரு ரன், என்ரிச் செய்யாத முழுப் புரோட்டியோம் (செல்லின் எல்லாப் புரதங்களும்) ஒரு ரன், ஆக 12. இரண்டு மணி நேர கிரேடியன்ட் (பெப்டைடுகளைப் படிப்படியாக இறக்கும் கரைப்பான் ஓட்டம்), அதோடு லோடிங், கழுவுதல் எல்லாம் சேர்த்து ரன்னுக்கு இரண்டரை மணி என்று வைத்தால் 30 மணி நேரம். இடையில் ஓட்டும் பிளாங்க் (மாதிரி இல்லாத வெற்று ரன்) தனி. இந்த 30-ஐ உங்கள் வசதி மையத்தின் மணி நேரக் கட்டணத்தால் பெருக்குங்கள். அந்தத் தொகைக்கு வழி இல்லை என்றால் கிட் வாங்கும் பேச்சே வேண்டாம்.

முழுப் புரோட்டியோம் ரன்னை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரு பாஸ்போபெப்டைடு இரண்டு மடங்கு ஏறியிருந்தால் பாஸ்பேட் ஏறியதா, அந்தப் புரதமே கூடியதா என்று அந்த ரன் இல்லாமல் சொல்ல முடியாது. ரிவ்யூவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடலாம். பெங்களூரு சி-கேம்ப், ஐஐடி பாம்பே போன்ற இடங்களில் வெளி ஆய்வாளர்களுக்கும் மாஸ் ஸ்பெக் சேவை உண்டு. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு முன் பாஸ்போ மாதிரி ஓட்டியிருக்கிறீர்களா? டேட்டா அலசல் கட்டணத்துக்குள் அடங்குமா, அல்லது ரா ஃபைல் மட்டும்தானா?

2. காகிதங்கள்

மாதிரி அனுப்பும் படிவத்தில் எல்லா இடத்திலும் கேட்பது இவை: எந்த உயிரி, எந்த என்சைம், சிஸ்டீனை எதைக்கொண்டு மூடினீர்கள், என்ன டிடர்ஜென்ட் பயன்படுத்தினீர்கள், கடைசியாக எந்த பஃபரில் இருந்தது, பெப்டைடு எத்தனை மைக்ரோகிராம். டிடர்ஜென்ட் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ட்ரைட்டான், ட்வீன், என்பி-40 ஒரு துளி மிச்சம் இருந்தாலும் 44 டால்டன் இடைவெளியில் சீப்புப்பல் மாதிரி பீக்குகள் வரிசையாக வந்து உங்கள் ரன்னையும் அடுத்தவர் ரன்னையும் சேர்த்துக் கெடுக்கும்.

மனிதத் திசு அல்லது ரத்தம் என்றால் உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது கையில் வர நாளாகும், லேப் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். கூரியரில் அனுப்ப, தொற்று அபாயம் இல்லாத பொருள் என்று நிறுவன லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தேவைப்படும். டிரை ஐஸ் வைத்து விமானத்தில் அனுப்பினால் பெட்டியில் யுஎன் 1845, கிளாஸ் 9 லேபிளும் டிரை ஐஸின் நிகர எடையும் இருக்க வேண்டும். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். இந்தச் சிக்கலைக் குறைக்க ஒரு வழி, உலர்த்திய பெப்டைடாக அனுப்புவது. அது லைசேட் மாதிரி அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஐஸ் ஜெல்லோடு வந்தால் போதுமா என்று மையத்திடம் கேட்டுப் பாருங்கள்.

3. கேசினில் ஒத்திகை

உங்கள் அருமை மாதிரியை முதலில் போடாதீர்கள். பாலில் உள்ள பாஸ்பேட் ஒட்டிய புரதமான பீட்டா கேசினை டிரிப்சின் என்சைமால் வெட்டி, அதைப்போல நூறு மடங்கு மோலார் அளவு பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) டைஜெஸ்டில் கலந்து, அதில் என்ரிச்மென்ட் செய்து பாருங்கள். மால்டி (லேசரால் சுட்டு எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்) கருவி இருந்தால் அன்றைக்கே விடை தெரியும். பீட்டா கேசினின் ஒற்றைப் பாஸ்பேட் பெப்டைடு m/z (நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதம்) 2061.8-இல் வரும். ஆல்பா கேசின் எடுத்தால் 1660.8, 1951.9 இரண்டையும் தேடுங்கள். என்ரிச் செய்யும் முன் பிஎஸ்ஏ கூட்டத்தில் அது இருக்கும் இடமே தெரியாது. செய்த பிறகு அதுதான் உயர்ந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உங்கள் பஃபரிலோ பீட்ஸிலோ கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பாஸ்பேட் நீக்கிய கேசின் என்றும் ஒன்று விற்கிறது.

4. லைசிஸ்

செல்லை எடுத்த நிமிடத்திலிருந்து, பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்களான பாஸ்படேஸ்கள் வேலையைத் தொடங்கிவிடும். எனவே டிரிப்சின் போட்டுச் செல்லைக் கிளப்பாதீர்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே சிக்னல் மாறிவிடும். தட்டை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை கழுவி, லைசிஸ் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுங்கள். நன்றாக நிரம்பிய 15 செ.மீ. தட்டு ஹீலா செல்லிலிருந்து 1 மி.கி. தாராளமாகக் கிடைக்கும்.

பஃபரில் இரண்டு பாதை உண்டு. ஒன்று 8 மோலார் யூரியா, பிஎச் 8. இதை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், 37 டிகிரிக்கு மேல் சூடாக்கவே கூடாது. சூடாக்கினால் பெப்டைடுகள் கார்பமைல் ஆகி 43 டால்டன் கூடிவிடும். இன்னொன்று சோடியம் டீஆக்சிகோலேட் 4 சதவீதம். இதில் லைசேட்டை உடனே 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம், பாஸ்படேஸ் அங்கேயே செத்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பின்னால் அமிலம் சேர்த்ததும் டீஆக்சிகோலேட் வெள்ளையாகத் திரிந்து கீழே இறங்கும், சுழற்றி நீக்கிவிடலாம்.

யூரியா பாதை என்றால் பாஸ்படேஸ் தடுப்பான்கள் கட்டாயம்: சோடியம் ஃப்ளூரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட், சோடியம் ஆர்த்தோவனடேட். வனடேட்டைப் பொடியைக் கரைத்து அப்படியே ஊற்றினால் பிரயோஜனம் குறைவு. 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவாருங்கள். மஞ்சளாக இருக்கும். நிறமில்லாமல் தெளியும்வரை கொதிக்க வையுங்கள். ஆறியதும் பிஎச் பாருங்கள், இறங்கியிருக்கும். மறுபடி 10-க்கு ஏற்றி, மறுபடி கொதிக்க வையுங்கள். ஆறிய பிறகும் பிஎச் 10-இல் நிறமில்லாமல் நின்றால் தயார். சின்னச் சின்ன அளவாகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்துக்கொள்ளலாம்.

தடுப்பான் மாத்திரை வாங்குவதானால் இடிடிஏ (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) இல்லாத வகையாகப் பாருங்கள். இடிடிஏ வனடேட்டையும் முடக்கும், பின்னால் ஐமேக் பீட்ஸிலிருந்து இரும்பையும் உருவிவிடும்.

புரத அளவை டிடிடி (சிஸ்டீன் இணைப்புகளை உடைக்கும் பொருள்) சேர்க்கும் முன்பே பிசிஏ (நிறத்தை வைத்துப் புரதம் அளக்கும்) முறையில் எடுத்துவிடுங்கள். யூரியா லைசேட் என்றால் அளக்கும் பகுதியை நீர்த்துக்கொள்ள வேண்டும், 3 மோலாருக்கு மேல் போனால் பிசிஏ தவறான எண் காட்டும்.

5. வெட்டுதல்

5 மில்லிமோலார் டிடிடி, அரை மணி நேரம். பிறகு சிஸ்டீனை மூட 15 மில்லிமோலார் அயடோஅசிட்டமைடு, இருட்டில் அரை மணி நேரம். யூரியாவை 1.5 மோலாருக்குக் கீழே நீர்த்து, 1-க்கு 50 என்ற எடை விகிதத்தில் டிரிப்சின், இரவு முழுக்க. 1 மி.கி. புரதத்துக்கு 20 மைக்ரோகிராம் வேண்டும். அதாவது 20 மைக்ரோகிராம் வயல் மாதிரிக்கு ஒன்று. பட்ஜெட்டில் இதை மறந்துவிடுகிறார்கள்.

லைசின், ஆர்ஜினின் பக்கத்தில் பாஸ்பேட் இருந்தால் டிரிப்சின் அந்த இடத்தில் தயங்கும். முடிந்தால் நீர்க்கும் முன் லிஸ்-சி என்ற இன்னொரு வெட்டும் என்சைமைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, அப்புறம் டிரிப்சின் சேருங்கள். வெட்டாமல் விட்ட இடங்கள் கண்ணில் படும்படி குறையும்.

6. உப்பு நீக்கம்: இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்

டிஎஃப்ஏ என்ற வலுவான அமிலத்தை 1 சதவீதம் வரை சேர்த்து, ஒரு மைக்ரோலிட்டரை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 3-க்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு 10 நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். கீழே இறங்கியதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள். இதைச் செய்யாமல் கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

1 மி.கி.க்கு 50 மி.கி. சி18 (பெப்டைடைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும்) கார்ட்ரிட்ஜ் போதும். அசிட்டோநைட்ரைல் ஒரு மில்லி, பிறகு 0.1 சதவீத டிஎஃப்ஏ இரண்டு முறை, பிறகு மாதிரி. மாதிரியைப் புவியீர்ப்பில் மெதுவாக இறங்க விடுங்கள். வாக்குவம் போட்டு இழுத்தால் நீரை விரும்பும் சின்னப் பாஸ்போபெப்டைடுகள் பிடிபடாமல் ஓடிவிடும். 0.1 சதவீத டிஎஃப்ஏவில் மூன்று முறை கழுவி, 50 சதவீத அசிட்டோநைட்ரைலில் இரண்டு முறை அரை அரை மில்லியாக இறக்குங்கள். கழுவலை ஃபார்மிக் அமிலத்தில் செய்ய வேண்டாம். அந்தச் சின்னப் பெப்டைடுகளைப் பிடித்து நிறுத்துவதில் டிஎஃப்ஏ அளவுக்கு அது உதவாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நீங்கள் போட்ட கிளிசரோபாஸ்பேட், கழுவப் பயன்படுத்திய பஃபரின் பாஸ்பேட், இரண்டுமே பீட்ஸில் போய் உட்காரக்கூடியவை. உப்பு நீக்கம் அரைகுறையானால் உங்கள் பாஸ்போபெப்டைடுக்கு இடமே இருக்காது.

இறக்கியதில் 5 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், முழுப் புரோட்டியோம் ரன்னுக்கு அதுதான். மீதியின் பெப்டைடு அளவை மறுபடி அளந்துவிட்டு உலர்த்துங்கள். 1 மி.கி. புரதம் போட்டால் 1 மி.கி. பெப்டைடு திரும்பி வராது. அடுத்த படியின் விகிதம் முழுக்க இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். உலர்ந்ததும் வெள்ளைப் பொடியாக இருந்தால் நல்லது. மஞ்சளாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, திரும்ப உப்பு நீக்குங்கள்.

இங்கே நிறுத்தலாம். உலர்ந்த பெப்டைடு மைனஸ் 80-இல் மாதக் கணக்கில் இருக்கும். இதுவரை இரண்டு நாள் ஆகியிருக்கும், உலர்த்துவதற்கு இன்னோர் இரவு.

7. டைட்டானியம் டை ஆக்சைடு

லோடிங் பஃபர் 10 மில்லிக்கு: அசிட்டோநைட்ரைல் 8 மில்லி, டிஎஃப்ஏ அரை மில்லி, கிளைகோலிக் அமிலம் 0.76 கிராம், மீதி தண்ணீர். அதாவது 80 சதவீதம், 5 சதவீதம், 1 மோலார். ஃபியூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள், டிஎஃப்ஏ தோலைச் சுடும். அன்றன்றைக்குச் செய்வது நல்லது.

இவ்வளவு அமிலம் எதற்கு? அஸ்பார்டேட், குளூட்டமேட் நிறைந்த பெப்டைடுகளும் பீட்ஸில் ஒட்டப் பார்க்கும். கடும் அமிலத்தில் அவற்றின் கார்பாக்சில் குழுக்கள் புரோட்டானை வாங்கிக்கொண்டு மின்சுமை இழக்கும். பாஸ்பேட் அவற்றைவிட வலுவான அமிலம், அதன் பிடி தொடரும். மிச்சம் ஒட்டப் பார்க்கிறவற்றோடு கிளைகோலிக் அமிலம் போட்டி போட்டுத் தள்ளிவிடும்.

உலர்ந்த பெப்டைடை நேராக இந்த பஃபரில் போட்டால் சரியாகக் கரையாது. முதலில் 20 மைக்ரோலிட்டர் 0.1 சதவீத டிஎஃப்ஏவில் சோனிகேட் செய்து கரைத்து, பிறகு 1 மில்லி லோடிங் பஃபர் சேருங்கள். கலங்கினால் சுழற்றித் தெளிவை எடுங்கள்.

சரி, விகிதம். 100 மைக்ரோகிராம் பெப்டைடுக்கு 0.6 மி.கி. பீட்ஸ் என்பது நல்ல ஆரம்பம். பீட்ஸ் குறைந்தால் பல பாஸ்பேட் உள்ள பெப்டைடுகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸில் சீட்டு குறைந்தால் முண்டியடிக்கத் தெரிந்தவர்கள்தானே உட்காருகிறார்கள். பீட்ஸ் கூடினால் காலி இடங்களில் பாஸ்பேட் இல்லாதவை வந்து ஒட்டும். உங்கள் மாதிரிக்குச் சரியான எண் எது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பெப்டைடை நாலாகப் பிரித்து 2, 4, 6, 8 மடங்கு எடை பீட்ஸ் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலை, நாலு குட்டி ரன். அதற்கான காசு பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும். பிடித்த விகிதத்தைக் கடைசி மாதிரி வரை மாற்றாதீர்கள். மாற்றினால் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

அறை வெப்பத்தில் 15 முதல் 30 நிமிடம், பீட்ஸ் கீழே படியாதபடி வேகமாக ஆட்ட வேண்டும். அதற்கு மேல் விட்டுப் பலனில்லை. பீட்ஸ் கரைசலை ஒவ்வொரு டியூபிலும் போடும்போது பிப்பெட் முனையை முக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வோர்டெக்ஸ் செய்யுங்கள். இந்தப் பீட்ஸ் கனமானவை, சில நொடியில் அடியில் உட்கார்ந்துவிடும். முதல் டியூபுக்கும் ஆறாவது டியூபுக்கும் பீட்ஸ் அளவு வேறாகிப் போவது இதனால்தான்.

கழுவல் மூன்று: லோடிங் பஃபர் ஒருமுறை, 80 சதவீத அசிட்டோநைட்ரைலும் 1 சதவீத டிஎஃப்ஏவும் ஒருமுறை, 10 சதவீத அசிட்டோநைட்ரைலும் 0.1 சதவீத டிஎஃப்ஏவும் ஒருமுறை. கடைசிக் கழுவல் நீர்ப்பற்றால் ஒட்டியவற்றைக் கழற்றும், அதைத் தவிர்க்காதீர்கள். முதல் கழுவலின்போதே பீட்ஸைப் புது டியூபுக்கு மாற்றிவிடுங்கள். பழைய டியூபின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிய பெப்டைடுகள் எல்யூஷனில் (பீட்ஸிலிருந்து பாஸ்போபெப்டைடைக் கழற்றி எடுப்பதில்) கலந்துவிடும். இந்தச் சின்ன மாற்றம் மட்டுமே முடிவைத் தூக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்யூஷனுக்கு 25 சதவீத அம்மோனியா 40 மைக்ரோலிட்டரை ஏறக்குறைய 1 மில்லி தண்ணீரில் சேர்த்தால் பிஎச் 11-ஐத் தாண்டும். தாளில் சோதியுங்கள். அடிக்கடி திறந்த அம்மோனியா பாட்டில் வீரியம் இழந்திருக்கும், பாஸ்போபெப்டைடு பீட்ஸிலேயே தங்கிவிடும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். 15 நிமிடம் ஆட்டி, சுழற்றி, எடுத்ததை உடனே ஃபார்மிக் அமிலத்தால் பிஎச் 3-க்குக் கீழே கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் டீ குடிக்கப் போகக் கூடாது. காரத்தில் நேரம் ஆக ஆக செரின், த்ரியோனினிலிருந்து பாஸ்பேட் கழன்றுவிடும்.

8. காசு குறைவென்றால்: நிக்கல் பீட்ஸை இரும்பாக மாற்றுவது

ஹிஸ்டிடின் டேக் புரதம் பிரிக்கும் நிக்கல்-என்டிஏ அகரோஸ் அநேகமாக எல்லா லேபிலும் இருக்கும். அதை 100 மில்லிமோலார் இடிடிஏவில் ஆட்டினால் நீலப்பச்சை போய் வெள்ளையாகும். இடிடிஏ சொட்டுகூட மிஞ்சாதபடி தண்ணீரில் பலமுறை கழுவி, புதிதாகக் கரைத்த 10 மில்லிமோலார் ஃபெரிக் குளோரைடில் அரை மணி நேரம் ஆட்டுங்கள். மறுபடி கழுவினால் இரும்பு ஐமேக் தயார். லோடிங் 80 சதவீத அசிட்டோநைட்ரைல், 0.1 சதவீத டிஎஃப்ஏ. இங்கே டிஎஃப்ஏவைக் கூட்டாதீர்கள், டைட்டானியத்துக்குச் சொன்ன 5 சதவீதம் இதற்குப் பொருந்தாது. கேசின் ஒத்திகையை இந்தப் பீட்ஸிலும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

இரண்டு முறைகளும் ஒரே பெப்டைடுகளைப் பிடிப்பதில்லை. இரும்பில் பல பாஸ்பேட் உள்ளவையும் நன்றாக வரும். ஆரம்பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக் கைவரப் பெறுங்கள், பக்கத்து லேபில் எது ஓடுகிறதோ அதுவே நல்ல தேர்வு. டைரோசின் பாஸ்பேட்தான் உங்கள் கேள்வி என்றால் இரண்டுமே போதாது. மொத்தத்தில் அது 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், அதற்கென்று ஆன்டிபாடி வேண்டும்.

9. மாஸ் ஸ்பெக்கில்

எல்யூஷனைச் சின்ன சி18 முனையில் சுத்தம் செய்து, உலர்த்தி, 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் சில மைக்ரோலிட்டரில் கரையுங்கள். இயக்குநரிடம் இது பாஸ்போ மாதிரி என்று வாயாலும் சொல்லுங்கள். கிரேடியன்ட் குறைந்த அசிட்டோநைட்ரைலிலிருந்து தொடங்க வேண்டும், உங்கள் ரன்னுக்கு முன் ஒரு பிளாங்க் ஓட வேண்டும். பல பாஸ்பேட் உள்ளவை காணாமல் போனால் மாதிரியில் 50 மில்லிமோலார் சிட்ரேட் சேர்ப்பது உதவும். கருவிப் பாதையில் உள்ள உலோகத்தில் அவை ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும்.

தேடலில் செரின், த்ரியோனின், டைரோசினுக்கு 79.966 டால்டனை மாறும் மாற்றமாக (இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று) வையுங்கள். வெட்டு தவறிய இடம் 2 அல்லது 3 வரை அனுமதியுங்கள். பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் என்ற நிகழ்தகவு 0.75-க்குக் கீழே உள்ள இடங்களைப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றை நம்பி மியூட்டன்ட் செய்யக் கிளம்பாதீர்கள்.

10. முடிவைப் பார்த்து எங்கே திருத்துவது

அடையாளம் கண்ட பெப்டைடுகளில் எத்தனை சதவீதம் பாஸ்போ என்று முதலில் பாருங்கள். 90-க்கு மேல் என்றால் கை வைக்காதீர்கள். குறைவாக இருந்து, வந்த மற்றவை அஸ்பார்டேட், குளூட்டமேட் நிறைந்தவையாக இருந்தால் அமிலமோ கிளைகோலிக் அமிலமோ போதவில்லை. எல்லா வகையும் கலந்து வந்தால் பீட்ஸ் அதிகம், அல்லது கழுவல் போதாது. சதவீதம் நன்றாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தால் இழப்பு முன்னாலேயே நடந்திருக்கிறது: பாஸ்படேஸ், சி18, அல்லது வீரியமிழந்த அம்மோனியா. பல பாஸ்பேட் உள்ளவையே அதிகம் என்றால் பீட்ஸைக் கூட்டுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டுமென்றால் சி18-இல் பிடிபடாமல் வந்தது, பீட்ஸில் பிடிபடாமல் வந்தது, மூன்று கழுவல்கள், எல்லாவற்றையும் பெயர் எழுதி மைனஸ் 80-இல் வையுங்கள். பீட்ஸில் ஒட்டாமல் வந்ததைப் புதுப் பீட்ஸில் இன்னொருமுறை ஓட்டினால் நிறையப் பாஸ்போபெப்டைடு வருகிறதா, உங்கள் விகிதம் குறைவு என்று உடனே தெரிந்துவிடும். டேட்டா அலசி முடியும்வரை அந்த டியூப்களை யாரும் தூக்கிப் போடாதபடி ஃபிரீசர் பெட்டியில் தேதியோடு ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.